இரண்டாவது ரிமோட்

ராய்ஸ் டில்மனின் கொல்லையில் தொங்கியது ஒரே ஒரு குடுவை. வாச்சுகா மலையடிவாரத்தில் ஆகஸ்ட் மாதம் பார்த்தால் வீட்டுக்கு எட்டு, பத்து என்று சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகள் தொங்கும். தெற்கே போகிற, கட்டைவிரல் அளவே உள்ள ரீங்காரச் சிட்டுகள் வந்து மொய்க்கும், ஒன்றையொன்று விரட்டும், ஜனங்கள் நாற்காலி போட்டுக் காபியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராய்ஸுக்கு அது பிடிக்காது. "அது பறவை பாக்கறது இல்ல, பந்தி போடறது" என்பார். படம் எடுக்கிறவனுக்கு ஒரு குடுவை, அதில் ஒரு ஓட்டை போதும். மற்ற மூன்று ஓட்டைகளையும் டேப் ஒட்டி அடைத்துவிடுவார். சிட்டு மூக்கை உள்ளே விட்டு நாலு மிடறு குடிக்கும், ஒரு சாண் பின்வாங்கி அந்தரத்தில் நிற்கும், மறுபடி குடிக்கப் போகும். அந்தப் பின்வாங்குகிற நொடிதான் படம். காமிராவை முன்கூட்டியே அந்த வெற்றிடத்துக்குக் குறிவைத்து, நாலு ஃப்ளாஷ் விளக்கையும் திருப்பி நிறுத்திவிட்டு, தள்ளி உட்கார்ந்து ரிமோட்டை அழுத்த வேண்டும். முப்பது வருஷமாக அவர் செய்துவந்தது இதுதான்.

இப்போது தள்ளி உட்காருவதற்கே ஆள் வேண்டியிருந்தது. போன வருஷம் படிக்கட்டில் காரணமில்லாமல் தடுக்கி விழுந்தவருக்கு நரம்பு நோய் என்றார்கள். காலை எடுத்தது, இடது கையை எடுத்தது, நாக்கைத் தடிக்க வைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சாப்பாட்டு அறையில், கொல்லையைப் பார்த்த கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ரிமோட்டை அவருடைய வலது உள்ளங்கையில் பட்டை போட்டுக் கட்டிவிடுவாள் மனைவி மார்லா. அழுத்தியதும் படம் பறந்துவந்து கட்டில் பக்கத்து டேப்லெட்டில் விழும். அந்த வலது கட்டைவிரல் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

ஜூலையில் மழை தொடங்கியபோது அந்தக் கட்டைவிரலும் பின்தங்க ஆரம்பித்தது. சிட்டு பின்வாங்குவதைக் கண் பார்க்கும், விரல் அரை நொடி கழித்துத்தான் பேச்சைக் கேட்கும். படத்தில் குடுவையின் ஓரம் இருக்கும், சிட்டு இருக்காது. ஒரு நாளில் நாற்பது படம், நாற்பதிலும் வெறும் காற்று.

"நல்ல வெளிச்சத்துல நல்ல காத்து" என்றார் ராய்ஸ், குழறிக் குழறி. முதல் வாரம் சிரித்தார். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம், சாப்பாடு ஊட்டப் போனால் வாயைத் திறக்கமாட்டேன் என்றார்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மகள் கெண்ட்ரா வருவதாக இருந்தது. இப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் அதற்குப் பின்னால் ஐந்து வருஷம் இருக்கிறது. வடக்கே வெகுதூரத்தில், டுலூத்தில் கெண்ட்ராவுக்கு ஒரு பையன் பிறந்து மூன்றே நாளில் போய்விட்டான். மார்லா அழுதுகொண்டே ஓடினாள். ராய்ஸ் அப்போது விமான நிலையத்தில், ஈக்வடார் போகும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சிட்டுப் படம் எடுக்கும் பயணம், இரண்டு வருஷத்துக்கு முன்பே பதிவு செய்தது. மகளுக்குப் போன் போட்டு, "நான் வந்து என்ன பண்ணப்போறேன், ட்ரிப் முடிச்சிட்டு நேரா வந்துடறேன்" என்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை. மகள் அழுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாத மனிதர், அவ்வளவுதான். ஆனால் அதைக் கல்நெஞ்சிலிருந்து பிரித்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளையைப் புதைத்தவளுக்கு எப்படி முடியும்? பதினோராம் நாள் போய் நின்றார். கெண்ட்ரா கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை.

இந்த வருஷம் மே மாதம்தான், நோய் விஷயம் தெரிந்து எட்டு மாதம் கழித்து, அவள் மனது இளகியது. வருகிறேன் என்றாள். ராய்ஸ் அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவகிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்ல மாட்டேன். போன்ல சொன்னதாலதானே வந்தது எல்லாம். முகத்தைப் பாத்துச் சொல்லணும்" என்று மார்லாவிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆனால் சாப்பிடாமல் கிடந்தால் இருபதாம் தேதிவரை தாங்குவாரா? மார்லாவுக்கு அதுதான் கவலை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை அவள் மேஜை டிராயரைக் குடைந்து இன்னொரு ரிமோட்டை எடுத்தாள். நல்ல நாளில் ராய்ஸே இரண்டையும் ஒரே காமிராவுக்கு இணைத்து வைத்திருந்தார், அவர் குடுவையைச் சரிசெய்யும்போது அவள் அழுத்திச் சோதிப்பதற்காக. அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அந்த ஜன்னலிலிருந்தும் அதே குடுவைதான் தெரியும்.

ஆண் சிட்டு ஒன்று வந்தது. குடித்தது, பின்வாங்கியது. மார்லா பைக்குள்ளேயே அழுத்தினாள். முப்பது வருஷம் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அந்த நொடி தெரியாதா? அரை நொடி கழித்து ராய்ஸின் விரலும் அழுத்தியிருக்கும். ஆனால் ஒரு தடவை மின்னிய ஃப்ளாஷ் திரும்ப மின்சாரம் ஏற இரண்டு நொடி ஆகும், அதுவரை காமிரா அசையாது. அவருடைய அழுத்தம் காற்றில் போனது. டேப்லெட்டில் விழுந்த படத்தில் சிட்டு நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது, தொண்டை முழுக்க ஊதா நிறம் பற்றி எரிந்தது.

"மார்லா" என்று ராய்ஸ் கத்தினார். "மார்லா, இங்க வா. இங்க வந்து பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அடேயப்பா" என்றாள். அவர் கண்ணில் தண்ணீர். அன்று மசித்த உருளைக்கிழங்கு ஒரு கிண்ணம் முழுதும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டார்.

ஒரே ஒரு படம் என்றுதான் மார்லா நினைத்திருந்தாள். ஆசை யாரை விட்டது? மறுநாள் மூன்று எடுத்தாள். அதற்கடுத்த நாள் ஐந்து. எல்லாம் நன்றாக வந்தால் சந்தேகம் வருமென்று இடையிடையே இரண்டு மூன்றை அவருக்கே விட்டாள், அவை வெறும் காற்றாக வந்தன. புருஷன் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணுகிறார். "என்னடி, நாள் பூரா பாத்திரம் கழுவறே? நம்ம ரெண்டு பேருக்கு அம்புட்டு பாத்திரமா?" என்றுகூடக் கேட்டார். "உனக்கு மில்க் ஷேக் போட்டே மிக்ஸி தேயுது" என்று சமாளித்தாள்.

பத்தாம் நாள் ராய்ஸ் சொன்னார்: "கை தேறுது."

"என்னது?"

"கை, மார்லா. விரல் சொன்ன பேச்சைக் கேக்குது. அந்தப் புது மாத்திரை வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன். போன மாசம் ஒண்ணுகூட விழல, இப்ப பத்துக்கு ஏழு விழுது. கணக்கைப் பாரேன்."

ஜூலையில் டாக்டர் ஒரு புது மாத்திரை கொடுத்திருந்தது உண்மைதான். நோயை நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதும் உண்மைதான். நம்ப வேண்டுமென்று ஆகிவிட்ட மனிதனுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? மார்லா தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது எனக்கு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நாமும் ஆட்டியிருப்போம்.

அன்று மத்தியானமே கெண்ட்ராவுக்குப் போன் போடச் சொன்னார். அவர் குழறுவது போனில் மகளுக்குப் புரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல மார்லாதான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

"இருபதாம் தேதி வர வேண்டாம்னு சொல்லு" என்றார் ராய்ஸ்.

மார்லா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ராய்ஸ், வேண்டாம். வரட்டும் விடு."

"இந்தக் கோலத்துலயா? பாதிப் பிணமா படுத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா, பரிதாபப்பட்டுச் சரின்னுடுவா. அது எனக்கு வேண்டாம். நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வரச் சொல்லு. அதுக்குள்ள மேஜையில உக்காருவேன். உக்காந்து சொல்றேன். சொல்லு."

மார்லா சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை இல்லை. அப்பாவுக்குத் தேறிவருகிறது, தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்தால் மேஜையில் உட்கார்ந்து பேசலாம் என்கிறார், படம் அனுப்பியிருக்கிறார் பார் என்றாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"அவருக்கு எது வசதியோ அதானே எப்பவும்" என்றாள் கெண்ட்ரா. பிறகு, "படம் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. நிஜமாவே தேறுதாம்மா?"

அதுதான் சமயம். இல்லை, நான்தான் எடுத்தேன், கிளம்பி வா என்று சொல்லியிருக்கலாம். ராய்ஸ் கட்டிலிலிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படித்தான் தெரியுது" என்றாள் மார்லா.

பொய்யிலிருந்து இறங்க அவளும் ஒரு வழி யோசித்தாள். படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுவது. ஏழு ஆறாகட்டும், ஆறு நாலாகட்டும், உண்மை அவருக்கே மெல்லத் தெரியட்டும், அப்புறம் மகளைக் கூப்பிடலாம் என்று கணக்குப் போட்டாள். இரண்டு நாள் குறைத்துப் பார்த்தாள், பதினாலாம் தேதி பைக்குள் கையே விடவில்லை. சிட்டு வந்து வந்து போனது. ராய்ஸின் படமெல்லாம் காற்று. பதினைந்தாவது காற்றுக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. மறுநாள் மார்லா மறுபடி அழுத்த ஆரம்பித்தாள். புலிவாலைப் பிடித்தாயிற்று, இனி விடுவது எப்படி?

பத்தொன்பதாம் தேதி யோலண்டா வந்தாள். வாரம் இரண்டு தடவை டக்ளஸ் ஊரிலிருந்து வருகிற நர்ஸ், நல்ல பெண். ராய்ஸை மூச்சை அளக்கிற ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். அதில் காட்டிய அளவைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஊதச் சொன்னாள்.

"மிஷின் பழசாயிடுச்சு" என்றார் ராய்ஸ். "என் கையைப் பாரு. நேத்து எட்டு படம்."

"பாத்தேன் மிஸ்டர் ராய்ஸ், நீங்க எங்களுக்கெல்லாம் டிமிக்கி கொடுக்கற ஆளு" என்று சிரித்தாள் யோலண்டா. வெளியே காரிடம் போனதும் சிரிப்பு போய்விட்டது. "மிசஸ் டில்மன், மூச்சு பாதியாயிடுச்சு. ரெண்டு வாரத்துல பாதி. மக வர்றதா சொன்னீங்களே, வந்துட்டாங்களா?"

"தேங்க்ஸ்கிவிங்குக்கு வர்றா."

யோலண்டா கார் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நவம்பரா? நவம்பர் இல்லைங்க. இந்த வாரம் வரச் சொல்லுங்க. பேச்சு இருக்கும்போதே."

மறுநாள் காலை உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, ரிமோட்டைக் கையில் கட்டப் போனபோது மார்லாவுக்குக் கட்ட மனசு வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏப்ரன் பையிலிருந்து மற்றதை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தாள்.

ராய்ஸ் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். புத்தி ஒரு குறையும் இல்லாத மனிதர், விளக்கமே தேவைப்படவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டாம் தேதியிலேருந்து."

"எல்லாமுமா?"

"சிட்டு விழுந்தது எல்லாம்." மார்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ சாப்பிட மாட்டேன்னுட்டே ராய்ஸ். ஒண்ணே ஒண்ணுன்னுதான் ஆரம்பிச்சேன். நீ சந்தோஷப்பட்டே. எனக்கு நிறுத்தத் தெரியல."

வெளியே சிட்டுகள் வந்து குடித்துவிட்டுப் போயின, யாரும் அழுத்தவில்லை.

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார். "இன்னிக்குத் தேதி என்ன?"

"இருபது."

"இன்னிக்கு அவ வந்திருப்பா."

மார்லா ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிடு அவளை" என்றார் ராய்ஸ்.

கெண்ட்ரா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை முதல் விமானம், மினியாப்பொலிஸில் மாறி டூசான், அங்கிருந்து கார், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள். அதற்குப் பிறகு ராய்ஸ் வாயைத் திறக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணால் காட்டினார். மகளுக்காகப் பேச்சை மிச்சம் பிடிக்கிறார் என்று மார்லாவுக்குப் பிறகுதான் புரிந்தது. மூச்சு ஒவ்வொன்றும் மேடேறுவது போல ஏறி இறங்கியது. சாயங்காலம் பயம் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"ராய்ஸ், அவகிட்ட சொல்ல வேண்டியதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லி வை. ஒருவேளை நாளைக்கு உனக்கு முடியலேன்னா…"

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"உங்கிட்ட கொடுத்தா நீ அழுத்திடுவே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அது. மறுநாள் காலை பேசியதெல்லாம் கடிகாரத்தோடுதான். மணி என்ன என்று மூன்று தடவை கண்ணால் கேட்டார், மூன்று தடவையும் மார்லா சொன்னாள். எட்டரை. பத்து. பதினொன்று ஐந்து. கொல்லைப்பக்கம் திரும்பவே இல்லை, வாசலைப் பார்த்தபடியே கிடந்தார். பதினொன்றரைக்கு யோலண்டா ஓடிவந்து மருந்து போட்டாள், மூச்சு அமைதியானது, அப்புறம் இடைவெளி நீண்டுகொண்டே போய், பன்னிரண்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. கெண்ட்ரா அப்போது ஆகாயத்தில் எங்கோ இருந்தாள். தகவல் சொல்லக்கூட வழியில்லை. இறங்கி போனைத் திறந்தபோது யோலண்டா அனுப்பிய செய்தியைப் பார்த்தாள்.

மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். மார்லா கட்டிக்கொண்டாள், அவளும் கட்டிக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் மகளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. போய்ப் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உடம்பை எடுக்க வந்தவர்கள் போனபிறகு இரண்டு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். யோலண்டா வைத்துவிட்டுப் போன சோளமாவுத் தமாலே தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"தேறிட்டு வர்றார்னு சொன்னியே" என்றாள் கெண்ட்ரா.

மார்லா சொன்னாள். டிராயரிலிருந்து ஆரம்பித்து, போனில் கேட்டபோது பொய் சொன்னதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். கெண்ட்ரா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று மார்லா காத்திருந்தாள். அவள் எழுந்து போகவில்லை.

"எங்கிட்ட ஏதோ சொல்லணும்னு இருந்தாராமே. என்ன அது?"

என்னவென்று மார்லாவுக்குத் தெரியாதா? மன்னிச்சிடு என்பதைத் தவிர வேறென்ன இருக்கும்? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளை இன்றைக்காவது தூங்குவாள். நாக்கு நுனிவரை வந்தது. ராய்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது, அவர் திரும்பிப் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது. இனி அவர் சார்பில் ஒன்றும் செய்வதில்லை என்று மார்லா அந்த நிமிஷம் முடிவு செய்தாள். நல்ல முடிவு என்றுதான் நினைத்தாள்.

"தெரியாதும்மா. எங்கிட்ட சொல்லல. உன் முகத்தைப் பாத்துத்தான் சொல்லணும்னார். நான் கேட்டும் சொல்லல."

கெண்ட்ரா நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அழாத கண் அப்போதுதான் நிறைந்தது.

"அவருக்குப் பதினெட்டு நாள் பொய் சொன்னியேம்மா" என்றாள். "எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?"